தம்பிக்கு ஒரு வேலை

நாயுடுபேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரப் பதிவு ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனபிறகு பொழுது நகரவில்லை என்றாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் முழுதாகக் கேட்கமாட்டாய்.

ஃபேமிலிசர்ச் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு கிறிஸ்தவ சபையார் 1894-ல் தொடங்கிய சங்கம்தான் இன்று அந்தப் பெயரில் நடக்கிறது. தன் முன்னோரைத் தேடுகிறவர் யாரானாலும் பழைய பதிவேடுகளைக் காசில்லாமல் பார்க்கலாம். அந்தப் பதிவேடுகளில் உள்ள பெயர், வயது, ஊரை எல்லாம் தேடக் கிடைக்கும்படி தட்டச்சு செய்வதும் சரிபார்ப்பதும் எங்களைப் போன்ற தன்னார்வலர்கள்தான். இப்போது சில பதிவேடுகளைக் கம்ப்யூட்டரே முதலில் படித்துவிடுகிறது. சரியாகப் படித்திருக்கிறதா என்று மனிதர் பார்க்கவேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் மாகாணத்தில் இறந்த இந்தியர்களின் சொத்துக் கோப்புகளில்தான் எனக்கு ஈடுபாடு. ஒவ்வொன்றிலும் இறப்பு அறிவிப்புத் தாள் இருக்கும்: எங்கே பிறந்தார், பெற்றோர் யார், பிள்ளைகள் எத்தனை பேர். பிறந்த ஊர் ‘மெட்ராஸ்’ என்று ஒரே சொல்லில் முடிந்திருந்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். மெட்ராஸ் அவர்கள் கப்பலேறிய இடம், அவ்வளவுதான். நம்மவர்களை ஏற்றிய முதல் கப்பல் ‘ட்ரூரோ’ அங்கிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ல் டர்பனைத் தொட்டது. 1911 வரை 1,52,184 பேர் கரும்புத் தோட்டக் கூலிகளாகவும் மற்ற வேலைகளுக்கும் போனார்கள். பெரும்பாலோர் மெட்ராஸ் வழியாகப் போனவர்கள். அவர்களில் நம் வட ஆற்காட்டு ஜனம் ஏராளம்.

சொந்த ஊர் தெரியவேண்டுமென்றால் கப்பல் பட்டியலுக்குத்தான் போகவேண்டும். ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை அதில் எழுதியிருக்கிறார்கள். சுரேந்திர பானா என்ற வரலாற்றாசிரியர் அந்தப் பட்டியல்களை ஆராய்ந்து 1991-ல் ஒரு புத்தகமே போட்டார். இன்று இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை கேட்கும் கொள்ளுப்பேரனுக்கும் ஆதாரம் அதுதான்.

இந்த ஊர்ப் பெயர்களைப் படிக்கத்தான் உன் கண் வேண்டும். சித்தூர் ஜில்லா பிறந்ததே 1911 ஏப்ரலில். அதற்கு முன் போன சித்தூர்க்காரன் தாளில் வட ஆற்காட்டுக்காரன். அவன் பேரன் வேலூர்ப் பக்கம் தேடுவான், கிராமமோ ஆந்திராவில் இருக்கும். எங்கள் நாயுடுபேட்டை 2022 வரை நெல்லூர், இப்போது திருப்பதி மாவட்டம். பழைய தாலுகா எல்லாம் உனக்கு மனப்பாடம். மசி பரவிய கையெழுத்தில் இரண்டு எழுத்து தெரிந்தால் போதும், ஊரைச் சொல்லிவிடுவாய்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. படிப்பதற்குத்தான் நம் அறிவு, திருத்துவதற்கு அல்ல. முனுசாமியைக் குமாஸ்தா ‘மூன்சாமி’ என்று எழுதியிருந்தால் நாமும் மூன்சாமி என்றே அடிக்கவேண்டும். டர்பனில் இன்று அதுவே குடும்பப் பெயர். அவர்கள் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள். முப்பது வருஷம் பத்திரத்தில் பிழை பிடித்த உனக்கு இது சிரமமாக இருக்கும், பழகிவிடும்.

தினம் அரை மணி போதும். பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பைக் கொண்டு வா, கணக்குத் திறந்து முதல் சில தாள்களைச் சேர்ந்து பார்ப்போம். பூதக்கண்ணாடி வேண்டாம், திரையிலேயே பெரிதாக்கலாம்.

அன்புடன்,
அக்கா