வாய்தா ஊர்

ஒன்பது வருடம், மாதம் ஒரு தடவையாவது வில்லிபுத்தூருக்குப் போய்வந்தவன் நான். சாமி கும்பிட அல்ல, வாய்தாவுக்கு.

பங்காளி வழக்கு. ஒரு மாந்தோப்பு, ஓரத்தில் கொஞ்சம் தென்னை, நடுவில் ஒரு கிணறு. தோப்பைப் பிரித்துவிடலாம், கிணற்றை எப்படிப் பிரிப்பது? ராஜபாளையம் எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும் விருதுநகர் மாவட்டத்தின் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. மாவட்டத் தலைநகரில்கூட இல்லை. அதனால் தேதி வந்தால் காலையில் பஸ் ஏறிவிடுவேன். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பையில் போடுவதற்குள் மடவார்வளாகம் வந்துவிடும். இறங்கி, வக்கீல் குமாஸ்தாவைத் தேடிப்பிடித்து, வராந்தாவில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கைகட்டி, அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு, அரைக் கிலோ பால்கோவாவோடு திரும்பிவிடுவேன். வழக்கு அத்தனை வருடம் இழுத்ததற்கு எங்கள் இரண்டு தரப்பு வீம்பைத் தவிர வேறு காரணம் கிடையாது. கடைசியில் சமரசமாகப் போனோம். கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை.

ராஜபாளையத்துக்காரனுக்கு வில்லிபுத்தூர் மேல் ஓர் இளக்காரம் உண்டு. ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், என்னைப் பற்றித்தான் சொல்கிறேன். எங்களுக்கு நூற்பாலை இருக்கிறது. பக்கத்தில் சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிக் காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். 2011 கணக்கெடுப்பில் எங்கள் ஊர் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர், அவர்கள் ஊர் 75 ஆயிரம் பேர். நாங்கள் சங்கு ஊதினால் ஷிப்டு மாறும், அவர்கள் மணி அடித்தால் பொங்கல் கிடைக்கும் என்று மில் ஆபீசில் நானே கிண்டல் செய்திருக்கிறேன். விருந்தாளி யாராவது வில்லிபுத்தூரைப் பற்றிக் கேட்டால் என்னிடம் தயாராக ஒரு வசனம் இருந்தது: "அங்க என்ன இருக்கு? நாலே நாலு 'கோ'. கோயில், கோபுரம், கோர்ட்டு, கோவா. ஒரு மணி நேரமே ஜாஸ்தி."

இதில் ஒரு வேடிக்கை. வெளியூரில் நான் ராஜபாளையம் என்று சொன்னால் எதிராளி அடுத்த நொடியே நாயைப் பற்றித்தான் கேட்பார். "குட்டி என்ன விலை சார்?" வில்லிபுத்தூர்க்காரனிடம் எவரும் விலை கேட்பதில்லை, கோதை பிறந்த ஊரா என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

2022 ஆவணியில் என் தங்கையின் சம்பந்தியம்மா வந்தார். தங்கை மகளை விஜயவாடாவில் கொடுத்திருக்கிறோம். அவளுடைய மாமியார் இவர். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் பேசுவதும் தெலுங்குதான். விஜயநகரக் காலத்தில் ஆந்திரத்திலிருந்து இறங்கி வந்த ராஜுக்கள் நாங்கள். ஆனால் எங்கள் தெலுங்கு வாயோடு சரி. எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசும்போது சம்பந்தியம்மா உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வார், பழைய வீட்டில் பரண்மேல் ஏறிப் பித்தளைப் பாத்திரம் எடுத்துக் காட்டியதுபோல.

காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்டார்: "அன்னய்யகாரு, ஆமுக்தமால்யதவைத் தமிழில் கொண்டுவந்தவர் உங்கள் ஊர்தானே? அவர் வீடு எங்கே?"

ஆமுக்தமால்யத என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். தமிழில் கொண்டுவந்தவர் யாரென்று சத்தியமாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோயிருக்கும்? சொல்லவில்லை. அறுபது வயதை நெருங்கியவனுக்குச் சொந்த ஊரைப் பற்றி ஒரு விருந்தாளி கேட்கிறபோது தெரியாது என்ற வார்த்தை தொண்டையைத் தாண்டாது போலிருக்கிறது. "பஞ்சு மார்க்கெட் பக்கம் இருந்தது. இடிச்சுட்டாங்க" என்றேன். சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அடடா, இடிச்சுட்டாங்களா" என்று இரண்டு தடவை சொன்னார். இல்லாத வீட்டை நான் இடித்தேன், அவர் துக்கப்பட்டார்.

அந்தப் பேச்சை மாற்றுவதற்காகவே காலை முழுவதும் ஊர் சுற்றிக் காட்டினேன். சென்னை மாகாணத்துக்கு 1949 முதல் 1952 வரை முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, சொந்த வீட்டையே எழுதிக்கொடுத்து உண்டாக்கிய காந்தி கலைமன்றம். அய்யனார் கோயில் ஆறு. திரும்பும் வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். அவர் மரியாதைக்குப் பார்த்தார். இடையிடையே, "வில்லிபுத்தூர் எப்போது போகிறோம்?" இரவு அவருக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ். "சாப்பிட்டுட்டுப் போயிறலாம், பக்கத்துலதானே. ஒரு மணி நேரம் போதும்" என்றேன்.

காரில் போகும்போது அவர் கதை சொல்லிக்கொண்டு வந்தார். கிருஷ்ணதேவராயர் எழுதிய காவியம் அது. கலிங்கப் படையெடுப்பின்போது ஸ்ரீகாகுளத்து ஆந்திர விஷ்ணு கனவில் வந்து, ஆண்டாள் கதையைத் தெலுங்கில் பாடு என்று சொன்னாராம். சூடிக் களைந்த மாலையைக் கொடுத்தவள் என்பதுதான் காவியத்தின் பெயருக்கே பொருள். தொடக்கத்தில் ராயர் வில்லிபுத்தூரை வர்ணிக்கிறார். அதில் ஒரு காட்சி. வாய்க்கால் ஓரத்தில் வாத்துகள் சிறகுக்குள் தலையைச் செருகித் தூங்குகின்றன. விடிகாலையில் குளித்துவிட்டுப் போன பிராமணர்கள் பிழிந்துவைத்த வேட்டிகளை மறந்துவிட்டுப் போனார்கள் என்று நினைத்துக் காவல்காரர்கள் எடுத்துக் கொடுக்கப் போகிறார்கள். வேட்டி எழுந்து ஓடுகிறது. வயல் காக்கிற பெண்கள் சிரிக்கிறார்கள்.

"அந்த வாய்க்கால் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

ஒன்பது வருடம் போய்வந்த ஊர். கோர்ட் வாசலில் எந்தக் கடையில் டீக்கு இஞ்சி தட்டிப் போடுவார்கள் என்று கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

கோயிலுக்குப் போனபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. நடை சாத்தியிருந்தது. நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். பெரிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மதியம் நடை சாத்துவார்கள் என்பது தமிழ்நாட்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். வில்லிபுத்தூர் என்றால் எப்போது போனாலும் நமக்காகத் திறந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அதுதான் உண்மை.

வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: "என்ன அண்ணாச்சி, மலைச்சுப்போய் நிக்கீக? திருமலை நாயக்கரு மதுரையில உக்காந்துக்கிட்டு, இங்க உச்சிக்காலப் பூசை முடிஞ்ச சேதி வந்தப்புறந்தான் சாப்பாட்டுல கை வைப்பாராம். வழி நெடுக மண்டபம் கட்டி, மண்டபத்துக்கு மண்டபம் முரசு அடிச்சுச் சேதி போகுமாம். ராசாவே காத்துக் கெடந்திருக்காரு. நீங்க மூணு மணி நேரம் இருக்க மாட்டீகளா?"

சம்பந்தியம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அன்று நான் சொன்னதில் அவர் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான்.

மூன்று மணி நேரம். கோர்ட்டில் இதைப் போல எத்தனையோ மூன்று மணி நேரம் சுவரைப் பார்த்துக் கழித்தவன் நான். அவர் அப்படி இருக்கவில்லை. கோபுர நிழலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தே அரை மணி நேரம் போக்கினார். பதினொரு நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இதுதான் என்றேன். மதுரைக்காரர்கள் தங்கள் மேற்குக் கோபுரம் என்பார்கள், அந்தப் பஞ்சாயத்தை அவரிடம் அவிழ்க்கவில்லை. பூக்கார அம்மாவிடம் சைகையிலேயே பேசிப் பேசி, திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் சித்திரையில் மதுரை அழகருக்கும் மாலை இங்கிருந்துதான் போகிறது என்பதை என் உதவி இல்லாமலே தெரிந்துகொண்டுவிட்டார்.

பிறகு ஆட்டோ பிடித்து ஒரு பால்கோவாக் கடையின் பின்கட்டுக்குப் போனோம். கடையின் முன்பக்கம் எனக்கு அத்துப்படி. பின்கட்டை அன்றுதான் பார்த்தேன். புளிய விறகு எரிகிற அடுப்பு, மேலே அகன்ற இரும்புச் சட்டி. பனியனோடு நின்ற மாஸ்டர் கரண்டியைச் சட்டியின் அடி உரசும்படி ஓட்டிக்கொண்டே இருந்தார். பால் வற்ற வற்ற விளிம்பில் ஏடு படியும். அதைச் சுரண்டி நடுவில் தள்ளுவார். மறுபடி படியும், மறுபடி சுரண்டுவார். பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சீனி, முடிவில் மூன்றரைக் கிலோ தேறும் என்றார். வேறு ஒன்றும் சேர்ப்பதில்லை. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் அதே அடுப்புதான், அதே கைதான். "கேஸ் அடுப்புல வேகம் வரும், இந்த ருசி வராது" என்றார். பேசும்போதும் கை நிற்கவில்லை. நின்றால் அடிபிடித்துவிடும்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் ஒரு கட்டடத்தைக் காட்டினார். பென்னிங்டன் நூலகம். இந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த நாளில், 1875இல், அப்போதைய கலெக்டர் பெயரில் தொடங்கியது. எங்கள் ஊர் மில் சங்கு ஊதத் தொடங்குவதற்கு எத்தனையோ வருடம் முன்பே இந்தச் சின்ன ஊரில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். வாய்தா நாட்களில் அதன் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமில்லை.

நான்கு மணிக்கு நடை திறந்தது. ஆண்டாளும் ரங்கமன்னாரும் நிற்கிறார்கள், பக்கத்திலேயே கருடனும். கருடன் எதிரே கைகூப்பி நிற்பதுதானே வழக்கம், இங்கே கூட நிற்கிறாரே என்று சம்பந்தியம்மா என் காதில் சொன்னார். நான் அப்போதுதான் கவனித்தேன். ஆண்டாளின் இடது கையில் கிளி. அது தினமும் புதிதாகச் செய்யப்படுவது. மரவள்ளி இலையில் உடல், மாதுளம் பூவில் மூக்கு. கிளி தெரியும், தினமும் புதுக் கிளி என்பது தெரியாது. மாலையைச் சூடிப்பார்த்து எட்டிப்பார்த்தாள் என்று சொல்லும் கண்ணாடிக் கிணற்றில் அவரும் எட்டிப்பார்த்தார். துளசிக்கு அடியில் ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் நந்தவனத்துக்குப் போனதும் செருப்பில்லாத காலை மண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஏதோ முணுமுணுத்தார். தெலுங்குதான். எனக்குப் பாதி புரியவில்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம், அந்த வீட்டு விஷயம் பொய் என்று. வாய் வரைக்கும் வந்தது. "ரயிலுக்கு நேரமாச்சு" என்றுதான் வெளியே வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனிலேயே பொதிகையில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் கம்பி வழியாகப் பால்கோவாப் பொட்டலத்தைக் கொடுத்தபோது, "அந்த வீட்டை இடிச்சிருக்கக் கூடாது அன்னய்யகாரு" என்றார்.

ஒரு வாரம் கழித்து விசாரிக்க ஆரம்பித்தேன். பெயர் மு.கு. ஜகந்நாத ராஜா. சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழி படித்தவர். ஆமுக்தமால்யதத்தின் தமிழாக்கத்துக்காக 1989இல் சாகித்திய அகாடமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றிருக்கிறார். அகாடமி அந்தப் பரிசைக் கொடுக்கத் தொடங்கிய முதல் வருடம் அது. வில்லிபுத்தூர்ப் பெண்ணைத் தெலுங்கு ராஜா பாட, அந்தப் பாட்டைப் பன்னிரண்டு கிலோமீட்டர் பக்கத்திலிருந்த ஒருவர் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். ஒரு நண்பரின் அலமாரியில் புத்தகம் கிடைத்தது. வாத்துகளை முதல் நாள் இரவே தேடிப் படித்துவிட்டேன்.

சம்பந்தியம்மாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. போனில் பேசும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், பேரன் பள்ளிக்கூடத்தில் பேச்சு போய்விடும். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

ஜகந்நாத ராஜா காலமானது 2008 டிசம்பரில். அதுவரை எங்கள் ஊரில்தான் இருந்திருக்கிறார். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது.