மூன்று நாள் மௌனம்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களுள் ஒன்று திரையரங்க உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோளை வைத்தது. முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருவோரிடம் யூடியூப் அலைவரிசைக்காரர்கள் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்பதை அரங்க வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது என்பதே அது. சில நாள்களில் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணையத்தில் விமர்சனம் வெளியிடத் தடை வேண்டும் என்று அங்கே கேட்கப்பட்டது. இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் இணங்கவில்லை.

தயாரிப்பாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். படத்தை விட்டுவிட்டு நடிகரின் குடும்பத்தை ஏசுவதை விமர்சனம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால், சீட்டு வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்த ஒருவன் வாசலில் நின்று ‘பிடிக்கவில்லை’ என்று சொல்வதையும் அதே கணக்கில் எழுதிவிட முடியுமா? இதைப் பற்றி நாங்கள் பல மாலைகள் பேசியிருக்கிறோம். ‘நாங்கள்’ என்றால், ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் மூவர், நாற்பதைக் கடந்தவர்கள், வெள்ளியன்று வெளியாகும் படத்தைச் சனிக்கிழமை மாலைக்குள் பார்த்துவிடும் பழக்கமுள்ளவர்கள். திரையுலகில் எங்களுக்கு நண்பரும் இல்லை, பகைவரும் இல்லை. அண்மை ஆண்டுகளில் பார்த்த சில படங்களைப் பற்றி, மனத்தில் பட்டதைப் பட்டபடியே இங்கே எழுதுகிறோம்.

முதலில், அதிகம் பேசத் தேவையில்லாத இரண்டு. 2024 ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’ ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடியது. வெளியான ஒரு வாரத்துக்குள் பன்னிரண்டு நிமிடங்களை வெட்டினார்கள். எங்களைக் கேட்டிருந்தால், நீளம் அன்று குறை என்று சொல்லியிருப்போம். ஊழலை நாம் ஒவ்வொரு நாளும் வரிசையில் நின்று அறிந்தவர்கள். அதை நமக்கே முதன்முறையாக அறிமுகம் செய்துவைப்பதுபோல் ஒவ்வொரு காட்சியும் விரல் நீட்டிப் பேசியதுதான் குறை.

நவம்பரில் வந்த ‘கங்குவா’வின் நோய் இன்னும் வெளிப்படையானது. பாத்திரங்கள் கத்துகிறார்கள், அந்தக் கத்தலுக்கு மேல் இசை கத்துகிறது. அரங்கை விட்டு வெளியே வந்த பிறகும் எங்களுள் ஒருவருக்குக் காதில் ரீங்காரம் நிற்கவில்லை. ஆஸ்கர் விருது பெற்ற ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டியே இப்படியான பேரோசை குறித்து வெளிப்படையாக வருந்தினார். ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து வைக்குமாறு அரங்குகளுக்குச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரும் தெரிவித்தார். படம் நெடுக ஒரு நொடி மௌனத்தைக்கூடத் தராதவர்கள், படம் முடிந்ததும் நம்மிடம் மூன்று நாள் மௌனத்தைக் கேட்கிறார்கள் என்றார் எங்களுள் மூத்தவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆயினும் இந்தக் கட்டுரை அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததே.

வகுப்பறையில் நாங்கள் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பது வேறொன்று. உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் தொல்காப்பியம் பெயரிட்டுப் பேசுவது, சொல்லாமல் விடுவதன் இலக்கணத்தைத்தான். தலைவியின் துயரைத் தோழி நேராகச் சொல்லமாட்டாள். தலைவனின் நாட்டில் ஒரு குரங்கு செய்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்வாள். மீதியைக் கேட்பவன் நிரப்பிக்கொள்ள வேண்டும். கேட்பவனுக்கு அறிவும் மனமும் உண்டு என்ற நம்பிக்கை அதன் அடியில் கிடக்கிறது. சினிமாவை அகத்திணையால் அளக்க வேண்டும் என்று நாங்கள் வாதிடவில்லை. காண்போன்மீது அந்த நம்பிக்கை இந்தப் படத்துக்கு இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்கு ஒரே நாளில் இரண்டு விடைகள் கிடைத்தன. 2024 ஆகஸ்ட் 23ஆம் நாள் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் சேர்ந்து வெளியாயின.

‘வாழை’ இயக்குநரின் சொந்தப் பால்யத்திலிருந்து எழுந்த படம். விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கப் போகவேண்டிய சிறுவன் சிவனணைந்தான். பள்ளிக்கூடம் அவனுக்குச் சொர்க்கமாவதற்குக் காரணம் படிப்பும் பூங்கொடி டீச்சரும் மட்டுமல்லர். அங்கே தலையில் சுமை இல்லை. ரஜினி பெரியவரா கமல் பெரியவரா என்று அவனும் அவன் நண்பனும் சண்டையிடும் காட்சிகளில் அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பின் அடியில், தாரோடு சேர்த்து ஆட்களையும் லாரியின் மேல் ஏற்றி அனுப்பும் சிக்கனம் ஓசையின்றி வளர்ந்துகொண்டே வருகிறது. தமிழில் உழைப்பைக் காட்டிய படங்களுள் இது முன்வரிசைக்குரியது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு இறுதிக்காட்சியில் வந்தது. விபத்தில் அக்காளைப் பறிகொடுத்த வீட்டில் ஒப்பாரி எழுந்துகொண்டிருக்கிறது. நாள் முழுதும் பசித்துத் திரும்பிய சிறுவன், யாரும் பாராத நேரத்தில் அடுப்படிக்குப் போய்ச் சோற்றை அள்ளித் தின்கிறான். துக்கத்தையும் மிஞ்சிய பசி! இதற்குமேல் எந்தக் கலைஞன் எதைச் சொல்ல முடியும்? அங்கே பாடல் எழுந்து நம் தோளைப் பிடித்து உலுக்குகிறது. ‘ஒப்பாரி நம் மண்ணின் வழக்கம், அதைப் படம் எப்படி விலக்கும்?’ என்றார் எங்களுள் இளையவர். சரியான கேள்விதான். ஆனால் ஒப்பாரி இறந்தவருக்காகப் பாடப்படுவது. அந்தப் பாடலோ எங்களை அழவைப்பதற்காகப் பாடப்பட்டதுபோல் மற்ற இருவருக்கும் தோன்றியது. அந்தச் சோற்றுப் பருக்கைகளை அவர் இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம்.

‘கொட்டுக்காளி’ எங்கள் ஊரில் ஒரே அரங்கில், நாளொன்றுக்கு ஒரு காட்சியாக, ஒரு வாரம்கூட ஓடவில்லை. நாங்கள் போன மாலையில் முப்பது பேர் இருந்திருப்போம். வேற்றுச் சாதிப் பையனை மனத்தில் வைத்திருக்கும் மீனாவுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, அவளை மணக்கவிருக்கும் பாண்டியும் இரு குடும்பத்தாரும் ஆட்டோவிலும் இருசக்கர வண்டிகளிலுமாகப் பேயோட்டும் பூசாரியிடம் கொண்டுபோகிறார்கள். கூடவே பலிக்கு ஒரு சேவல். கதை இவ்வளவுதான். பின்னணி இசை என்று ஒன்று அறவே கிடையாது. ஆட்டோ இரைச்சல், காற்று, தொண்டை கட்டிச் சுண்ணாம்பு தடவிக்கொண்ட பாண்டியின் கரகரப்பு, பெண்களின் முணுமுணுப்பு ஆகியவைதாம் கேட்கின்றன. மீனா ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டை அவள் உதடு மெல்ல முனகிவிடுகிறது. அதற்கு விழும் அடிகள் அவளோடு நிற்காமல் அவளுடைய தாய்மீதும் விழுகின்றன. நடிகர் சூரியை நகைச்சுவைக்காரராகவே அறிந்திருந்த கண்கள் அந்த இடத்தில் கூசிப்போகும்.

பிறிதோரிடத்தில் ஒரு காளை சாலையை மறித்து நிற்கிறது. அத்தனை ஆண்களாலும் அதை நகர்த்த இயலவில்லை. ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அழைத்துப் போகிறாள். யாரும் அதற்கு விளக்கம் சொல்வதில்லை. இறைச்சிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை வகுப்பில் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

பூசாரியின் இடத்தில் வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான். அடுத்து மீனாவின் முறை. அவன் என்ன செய்யப் போகிறான் என்பதைச் சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது. எங்களுக்குப் பின்வரிசையிலிருந்து ‘அவ்வளவுதானா?’ என்று ஒரு குரல் சினத்தோடு எழுந்தது. வண்டி எடுக்கும் இடத்தில் ஐந்தாறு பேர் கூடி வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏமாற்று வேலை என்றார். இன்னொருவர், ‘அவன் திரும்பிக் கூட்டிட்டுப் போயிருப்பான்யா, பாத்தீல்ல அவன் மூஞ்சிய?’ என்றார். எங்களுக்கும் குறை தெரியாமலில்லை. பயணத்தின் நடுப்பகுதியில் சில நிறுத்தங்கள் ஒரே பொருளைத் திரும்பச் சொல்கின்றன; திருவிழாக்களுக்கென்றே நீட்டப்பட்ட ஓரிரு காட்சிகளும் உண்டு. பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்ட படம் என்பதற்காகக் கூடுதல் மதிப்பெண் தர நாங்கள் ஆயத்தமாக இல்லை. ஆனால் முகம் தெரியாத ஐந்து பேரை ஒரு பெண்ணின் கதியைப் பற்றி வண்டி நிறுத்தத்தில் வாதாட வைத்த வேறொரு படத்தை அண்மையில் நாங்கள் பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, இளங்கலை மூன்றாமாண்டு மாணவி ஒருவர் துறைக்கு வந்தார். படம் இணையத்தில் வந்தபின் அம்மாவோடு பார்த்தாராம். ‘பாட்டு இல்ல, சண்டை இல்ல, அம்மா பாதியில எந்திரிச்சுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன் சார். கடைசி வரைக்கும் பாத்தாங்க. ரெண்டு நாள் ஒண்ணும் பேசல. மூணாம் நாள் காய் நறுக்கிட்டே, எங்க சித்திய அந்த மாதிரி ஓர் எடத்துக்குக் கூட்டிட்டுப் போனதச் சொன்னாங்க. எனக்கு அப்படி ஒரு சித்தி இருந்ததே அன்னைக்குத்தான் சார் தெரியும்.’ சித்திக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. ‘இருந்தது’ என்ற சொல் போதுமானதாக இருந்தது. அந்தப் படத்துக்கு ஒரு முடிவை எழுதி ஒட்டியிருந்தால், நல்ல முடிவோ கெட்ட முடிவோ, அந்தத் தாய் அதோடு கதை முடிந்தது என்று எழுந்து போயிருப்பார். திறந்து கிடந்த இடத்தில்தான் அவர் தம் தங்கையைக் கொண்டுவந்து வைத்தார்.

2024 செப்டம்பரில் வந்த ச. பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ எங்களை வேறு வகையில் சோதித்தது. சொந்த வீட்டை இழந்து தஞ்சையை விட்டுப் போன அருள்மொழி, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் தங்கையின் திருமணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். அன்பைப் பொழியும் உறவுக்காரன் ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் மட்டும் இவருக்கு நினைவில் இல்லை. ‘உன் பெயரென்ன?’ என்று கேட்க முடியாத கூச்சத்தின் மேல் முழுப் படத்தையும் கட்டிய துணிச்சலை மெச்சுகிறோம். மணமேடையில் தங்கைக்கு நகை அணிவிக்கும் காட்சியில் ஒரு தலைமுறையின் பிரிவு சொல்லின்றி வந்துவிடுகிறது. இரவு ஏறஏற, கார்த்தியின் பாத்திரம் அன்பு, மாடு, மண், வரலாறு என எல்லாவற்றுக்கும் உரை எழுதத் தொடங்குகையில்தான் எங்களுக்கு இருக்கை உறுத்திற்று. இத்தனை நல்லவன் ஒருவன் இத்தனை நேரம் பேசினால் நல்லவர்களுக்கும் கொட்டாவி வரும். வெளியான சில நாள்களில் படத்தைப் பதினெட்டு நிமிடங்கள் குறைத்தார்கள். பேச்சு அதிகம் என்ற நாங்களே அந்த வெட்டை விரும்பவில்லை என்பது முரணாகத் தோன்றலாம். இயக்குநரின் மிகை அவருடைய மிகை. அவசரத்தில் வெட்டப்பட்ட பின் எஞ்சுவது யாருடைய படமும் அன்று.

விரைந்து இன்னும் இரண்டு. தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ (2024) அளவறிந்த படம். கிரிக்கெட் ஆடுகளத்தில் சாதி எப்படி வாயைத் திறக்காமலே ஒருவனை வெளியே நிறுத்துகிறது என்பதை விளையாட்டின் போக்கிலேயே காட்டியது. அட்டகத்தி தினேஷின் ‘கெத்து’ பல ஆண்டுகள் நினைவில் நிற்பார். அபிஷன் ஜீவிந்த்தின் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) நல்ல மனம் படைத்த படம். இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த குடும்பம் சென்னைக் குடியிருப்பு ஒன்றின் பூட்டிய கதவுகளைத் திறக்கிறது. மனம் நெகிழ்ந்தோம். எனினும், அகதியை ஏற்றுக்கொள்ள அவர் இத்தனை நல்லவராக இருந்தாக வேண்டுமா என்ற கேள்வியைப் படம் எழுப்பவே இல்லை. சராசரியான, சிடுசிடுப்பான ஓர் அகதிக்கு நம் தெருவில் இடமுண்டா?

நீடாமங்கலத்துக்கு அருகில்தான் கோயில்வெண்ணி இருக்கிறது; கரிகாலன் வென்ற வெண்ணிப் போர்க்களம் அதுவே என்பர். குயவர் குலத்துப் பெண்ணாகிய வெண்ணிக்குயத்தியார் அந்த வெற்றியைப் பாடிய பாட்டு புறநானூற்றில் அறுபத்தாறாவது. வென்றவனின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்து, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த தோற்றவன் உன்னைவிட நல்லவன் அல்லனோ என்று வென்றவன் முகத்துக்கு நேரே கேட்டு நிறுத்திவிடுகிறார். விடையை அவனிடமே விட்டுவிடுகிறார். மூன்று நாள் கழித்துக் கேட்கும்படி அவரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

வாசலில் நிற்கும் பார்வையாளனின் குரல் பல நேரம் முரட்டுத்தனமானது, அரைகுறையானது, அவசரமானது. அதை மேம்படுத்தும் பொறுப்பில் எம்போன்ற ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. ஆனால் ‘அவ்வளவுதானா?’ என்று கத்தியவரையும், ‘மூஞ்சியப் பாத்தீல்ல?’ என்று மறுத்தவரையும் ஒருசேர வாயடைத்துவிட்டால், முப்பது பேர் பார்த்து ஒரு வாரத்தில் மறையும் படங்களைப் பற்றிப் பேச ஊரில் எவரும் மிஞ்சமாட்டார்கள். பெரிய படங்கள் அப்போதும் சுவரொட்டியிலும் தொலைக்காட்சியிலும் பேசிக்கொண்டேயிருக்கும். அடுத்த சனிக்கிழமையும் நாங்கள் போவோம். பிடித்தால் பிடித்தது என்றும், இல்லையேல் இல்லை என்றும் வண்டி எடுக்கும் இடத்திலேயே சொல்வோம்.