இருட்டில் ஒரு கைத்தொழில்

வினையை விலை கொடுத்து வாங்குவது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நான் அதை ஒரு தகர டப்பாவில் வாங்கினேன்.

கோயமுத்தூரில் எங்களுக்குப் பழக்கமான போட்டோ ஸ்டூடியோ ஒன்றை மூடினார்கள். மேஜை, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் விலைபோன பிறகு மூலையில் ஒரு டப்பா மிஞ்சியிருந்தது. அதற்குள் கறுப்புப் பையில் சுற்றிய பிலிம் சுருள். அகலம் 5 அங்குலம், நீளம் சுமார் 30 மீட்டர். ஆகாய விமானத்திலிருந்து பூமியைப் படம் பிடிப்பதற்காகப் பெல்ஜியத்தில், ஆக்பா-கேவர்ட் தொழிற்சாலையில், செய்யப்பட்ட பிலிம் அது. அதன் ஆயுள் முடிந்து 20 வருஷம் ஆகியிருந்தது. எந்த விமானத்துக்கு வந்தது, ஏன் தரையிலேயே தங்கிவிட்டது என்று ஸ்டூடியோக்காரருக்கே ஞாபகம் இல்லை. "எடுத்துக்கொண்டு போங்கள், ஸார்! இடமாவது காலியாகட்டும்" என்றார்.

வீட்டுக்கு வருவதற்குள் மனசுக்குள் ஒரு பெரிய கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். என் தகப்பனார் உபயோகித்த 'ஆக்பா கிளிக்' காமிரா எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் தேசத்திலேயே, பரோடாவில், செய்யப்பட்ட காமிரா. அதற்கு 120 என்ற பெயருள்ள பிலிம் வேண்டும். இந்த 120 என்பது அங்குலமும் அல்ல, மில்லிமீட்டரும் அல்ல. 1901-ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த அந்தச் சுருளுக்குக் கோடக் கம்பெனியார் பிற்பாடு இட்ட வரிசை எண்தான். அதன் உண்மையான அகலம் சுமார் 61 மில்லிமீட்டர். 5 அங்குலம் என்பது 127 மில்லிமீட்டர் அல்லவா? நெடுக்காகக் கிழித்தால் இரண்டு பட்டைகள் போக 5 மில்லிமீட்டர் மிச்சம். ஒரு சுருளுக்கு 82 சென்டிமீட்டர் வீதம் 72 சுருள்கள்; சுருளுக்கு 12 படமாக 864 படங்கள்! கடையில் ஒரு சுருள் வாங்கவே யோசிக்க வேண்டிய இந்தக் காலத்தில் இது புதையல் இல்லாமல் வேறு என்ன?

புதையலைத் திறக்கும் சடங்கைச் சாஸ்திரோக்தமாகச் செய்ய நினைத்தேன். எங்கள் வீட்டுச் சாமான் அறைதான் தகப்பனாரின் இருட்டறை. அங்கே அவர் மாட்டிய சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது. சிறு வயதில் அந்த விளக்கின் அடியில் வெற்றுக் காகிதத்திலிருந்து முகங்கள் மெல்ல மெல்ல எழுந்து வருவதைப் பார்த்துப் பிரமித்திருக்கிறேன். ஆகவே, கதவைச் சாத்தினேன். சிவப்பு விளக்கைப் போட்டேன். கறுப்புப் பையைத் திறந்து, சுருளை வெளியே எடுத்து, ஆசை தீரத் தடவிப் பார்த்தேன்.

அப்பா அந்த விளக்கின் கீழ்க் கையாண்டது படம் அச்சிடும் காகிதம் என்பதும், அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை. என் கையில் இருந்ததோ சகல வர்ணங்களையும் பார்க்கக்கூடிய பிலிம். அதிலும் இது ஆகாயப் பிலிம். உயரத்திலிருந்து பார்க்கும்போது பூமியைப் போர்த்தியிருக்கும் மூட்டம் நீல ஒளியைச் சிதற அடிக்கிறது. சிவப்பு ஒளி அவ்வளவாகச் சிதறுவதில்லை. ஆகையால், மூட்டத்தை ஊடுருவிப் பார்க்கட்டும் என்று சிவப்பையும், அதற்குச் சற்று அப்பால் மனிதக் கண் காணாத ஒளியையும் கூட உணரும்படி இதைச் செய்திருக்கிறார்கள். எந்தக் குணத்துக்காக அதைப் படைத்தார்களோ, அந்தக் குணத்தாலேயே அதை நான் கெடுத்தேன்.

மறுநாள் ஒரு துண்டை வெட்டிக் கழுவிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. பிலிம் அண்டங்காக்கை போல் இருந்தது. இன்னும் உள்ளே போய் வெட்டிப் பார்த்தேன். வெளிச் சுற்றுகளில் 4 மீட்டர் அடியோடு பாழ். உட்சுற்றுகள் தப்பியிருந்தன, ஆனால் சுருளின் இரண்டு ஓரங்களிலும் ஒளி புகுந்து கறுப்புக் கரை கட்டியிருந்தது. இந்தப் பிலிமின் அடித்தளம் பாலியெஸ்டர். அதன் ஓரத்தில் விழும் வெளிச்சம் கண்ணாடிக் குழாயில் ஓடுவதுபோல் உள்ளே ஓடிவிடும். யார் மேல் குற்றம் சொல்வது? கடைப் பிலிமாக இருந்தால் கடைக்காரரோடு சண்டை போடலாம். மொத்தச் சுருளை வாங்கித் தானே வெட்டிக்கொள்கிறவனுக்கு அந்தச் சுகம் கிடையாது. தொழிற்சாலையும் அவனே, முதலாளியும் அவனே, குற்றவாளியும் அவனே!

இரண்டு நாள் டப்பாவைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா கேட்டாள்: "ஏன் கண்ணு, போனது போக மிச்சம் இருக்குதல்ல?"

அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இருட்டறை விஷயத்தில் அவளுடைய அனுபவம் என்னுடையதைவிடப் பெரிது. தகப்பனார் உள்ளே இருக்கும்போதெல்லாம், யாரும் கதவைத் திறந்துவிடாமல் வெளியே முறத்தோடு உட்கார்ந்து, அரிசி புடைத்துக்கொண்டே காவல் காத்தவள் அவள். அவர் காலமான பிறகு அவள் எந்தக் காமிராவுக்கும் முகம் காட்டியதில்லை. பேரக் குழந்தைகள் கைப்பேசியை நீட்டினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

மறுபடியும் வேலையில் இறங்கினேன். தச்சர் ஒருவர் எனக்கு ஒரு பலகை செய்து கொடுத்தார். 127 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம். குறுக்கே மூன்று சவரப் பிளேடுகள். நடுப் பிளேடு பிலிமை இரண்டாகப் பிளக்கும். மற்ற இரண்டும் ஓரத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் வீதம் சீவி எறியும். முன்பு மிச்சம் என்று கணக்கிட்ட 5 மில்லிமீட்டர், கறுத்த ஓரத்தின் பெரும்பகுதியை இப்படிக் கொண்டுபோயிற்று.

இதையெல்லாம் செய்ய வேண்டியது கன்னங்கரிய இருட்டில். ரசாயனம் பூசிய பக்கம் எது என்று உதட்டால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூசிய பக்கம் ஈர உதட்டில் சிறிது ஒட்டும். பிறகு, பழைய சுருள்களிலிருந்து பத்திரப்படுத்திய கறுப்புக் காகிதத்தோடு சேர்த்து, பிலிமின் முனையைச் சரியான இடத்தில் ஒட்டிச் சுற்ற வேண்டும். இடம் தவறினால் முதல் படத்துக்குத் தலை இராது. காமிராவின் முதுகில் எண் பார்க்கும் சிவப்பு ஜன்னலையும் கறுப்பு நாடாவால் மூடினேன். சிவப்பைக் கண்டாலே எனக்கு அப்போது பயம்.

முதல் சுருள் தயாரான அன்று காலை, அம்மா தானாகவே திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். "உங்கப்பாவோட காமிராதானே? எடுத்துக்க" என்றாள். பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். கை நடுங்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

கழுவும் மருந்தைக் கடையில் வாங்காமல் நானே கலந்தேன். டி-76 என்று உலகமெங்கும் பெயர்பெற்ற பாகம் அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், ஸோடியம் ஸல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். இதில் வரிசை முக்கியம். ஸல்பைட் முழுவதையும் முதலில் போட்டால் மெட்டால் கரைய மறுக்கும். ஒரு சிட்டிகை ஸல்பைட், பிறகு மெட்டால், அப்புறம் மற்றவை. புளி கொதிக்கு முன் பருப்பு நீரை விட்டால் ரசம் கெடுவது போலத்தான் என்றாள் அம்மா.

அடுத்த சங்கடம் உஷ்ணம். புஸ்தகங்கள் எல்லாம் 20 டிகிரி என்று சொல்கின்றன. எங்கள் குழாயில் சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு தித்தித்தாலும் சித்திரை மாதத்தில் 30 டிகிரிக்குக் குறைவதில்லை. அந்தச் சூட்டில் பிலிமின் மேல் பூசியுள்ள ஜெலட்டின் இளகிப் பிரிந்து வரக்கூடும். ஐஸ் வாங்க ஓடப் புறப்பட்டேன். அம்மா சமையலறை மூலையிலிருந்த மண்பானையைக் காட்டினாள். பானைத் தண்ணீரில் உஷ்ணமானியை விட்டேன், 24 டிகிரி! பத்து நிமிஷம் கழுவ வேண்டியதை ஏழு நிமிஷமாகக் குறைத்துக்கொண்டால் போதும்.

நான் உள்ளே போனேன். அம்மா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இருட்டில் பிலிமை டப்பாவுக்குள் ஏற்றிக்கொண்டிருக்கையில் கதவுக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏன் கண்ணு, இது எந்த ஊர்ப் பிலிமு?"

"பெல்ஜியம், அம்மா."

"நம்ம ஊட்டியில செஞ்சாங்களே, அது என்னாச்சு?"

அந்த இருட்டில் எனக்கு உடனே பதில் வரவில்லை. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அந்த நிறுவனத்தை மத்திய சர்க்கார் 1960-ல் ஸ்தாபித்தார்கள்; 1967-ல் உதகமண்டலத்தில் உற்பத்தி தொடங்கிற்று. குளிர்ந்த, தூசியற்ற காற்று வேண்டும் என்றுதான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். சந்திரன் என்று பொருள்படும் 'இந்து' என்பது அந்தச் சரக்கின் பெயர். நம் ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும், நம் ஸ்டூடியோக்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிமும் காகிதமும் அங்கிருந்து வந்தன. குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனபோது தகப்பனார், ரோஜாத் தோட்டத்துக்கு முன்னதாக, அந்தத் தொழிற்சாலையைத்தான் தூரத்திலிருந்து எங்களுக்குக் காட்டினார். பிற்பாடு வர்ணப் பிலிம் வந்தது. பிறகு பிலிமே வேண்டாத காமிராக்கள் வந்தன. பல வருஷம் நஷ்டத்தில் தத்தளித்த பிறகு அது மூடப்பட்டது.

"மூடிட்டாங்க, அம்மா" என்றேன்.

சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "அங்கே இருட்டிலேயே வேலை செஞ்சவங்க எத்தனை பேரோ! அவங்க கைக்குத் தெரிஞ்சதையெல்லாம் யார் கத்துக்கிட்டாங்க?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சுதேசி என்றால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் முத்திரை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். தொழிற்சாலை போனால் முத்திரை போகிறது. அது பெரிய நஷ்டந்தான். ஆனால் இருட்டில் விரல் நுனியால் ஒரு காரியத்தைப் பிசகின்றிச் செய்யத் தெரிந்த ஆயிரம் கைகள் ஓய்ந்து, அடுத்த தலைமுறையின் கைகள் அதைக் கற்காமல் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். வெள்ளி உப்பையும் ஜெலட்டினையும் சேர்த்துப் பிலிமில் பூச என்னால் ஆகாது. வெட்டவும், சுற்றவும், கலக்கவும், கழுவவும் ஆகும். பிலிம் அந்நியம், பலகையும், பானையும், கையும் நம்முடையவை.

பிலிமை எடுத்துத் தண்ணீரில் அலசி, கொடியில் தொங்கவிட்டேன். 20 வருஷத்துப் புகைமூட்டம் அதில் படிந்திருந்தது. ஆனாலும் பன்னிரண்டு படங்களும் இருந்தன. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். நெகடிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் அல்லவா தெரியும்? தன் நரைத்த தலை கருகருவென்று இருப்பதைக் கண்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "உங்கப்பா பார்த்தா அடையாளம் கண்டுக்குவார்!" என்றாள்.

அச்சிட்ட படத்தில் நரை திரும்பிவிட்டது. பிளேடுக்குத் தப்பிய மிச்ச ஒளியும் வலது ஓரத்தில் வெள்ளைக் கீற்றாக விழுந்திருக்கிறது. வெட்டி எறிந்துவிடலாம் என்றேன். அம்மா சம்மதிக்கவில்லை. யாரோ இருட்டறைக் கதவைச் சிறிது திறந்து எட்டிப் பார்ப்பது போல் இருக்கிறதாம். அப்படியே இருக்கட்டும் என்றாள்.

டப்பாவில் இன்னும் அறுபது சுருளுக்குக் காணும் பிலிம் இருக்கிறது. சிவப்பு விளக்கைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டேன். கதவுக்கு வெளியே காவலுக்கு ஆள் இருக்கிறது.