அவர்களும் சற்று இளைப்பாறட்டும்

மாலை வேளைகளில் எங்கள் வீட்டைக் கடந்து செல்வோர் உள்ளிருந்து எழும் சிரிப்பொலியைக் கேட்டு வியப்பதுண்டு. பிள்ளை வளர்ந்து வேலைக்குச் சென்றுவிட்ட வீட்டில், அறுபதை எட்டிய இருவர் அப்படி எதைக் கண்டு சிரிக்கிறார்கள் என்று அண்டை வீட்டு அம்மையார் ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார். மறுமொழி சொல்ல முதலில் நாணமாக இருந்தது. கொரியா நாட்டுப் பாடகர் எழுவர் ஓர் அடுக்களையில் நின்று வெங்காயம் நறுக்கத் தெரியாமல் திண்டாடுவதைக் கண்டு சிரிக்கிறோம் என்றால் யார்தான் நம்புவார்கள்?

ஆம், வாசக அன்பர்களே, நாங்கள் பி.டி.எஸ். என்னும் குழுவின் ரசிகர்கள். 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் மகள் வீட்டிலிருந்தே பணி செய்து வந்தாள். அவள்தான் இந்நோயை எங்களுக்கும் தொற்ற வைத்தவள். அவர்களுடைய பாடல்களைக் காட்டியபோது நாங்கள் தலையசைத்துவிட்டு எழுந்துவிட்டோம். அவர்கள் கூடி விளையாடும் பல்சுவை நிகழ்ச்சியைக் காட்டினாள். அன்று இரவு உணவு ஒரு மணி நேரம் தாமதமாயிற்று.

கொரிய மொழியில் 'யேநுங்' என்று அழைக்கப்படும் இப்பல்சுவை நிகழ்ச்சிகளுக்கு அந்நாட்டில் தனி மரபே உண்டு. 2007-இல் தொடங்கிய 'ஓர் இரவு, இரு நாள்' பயண நிகழ்ச்சியும், 2010-இல் தொடங்கிய 'ரன்னிங் மேன்' நிகழ்ச்சியும் அங்கே குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கப்பட்டவை. புகழ்பெற்றவர்களை ஊர் ஊராக அழைத்துச் செல்வார்கள். விளையாட்டுப் போட்டிகள் வைப்பார்கள். வென்றவருக்கு நல்ல உணவும் மெத்தையும், தோற்றவருக்குப் பட்டினியும் வெறுந்தரையும் கிடைக்கும். ஒருவர் கால் இடறி விழுந்தால் அக்காட்சியை மும்முறை திருப்பிக் காட்டி, அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதைத் திரையில் வண்ண எழுத்துகளால் எழுதியும் விடுவார்கள். புதிதாக அரங்கேறும் இசைக்குழுக்களுக்கு இந்நிகழ்ச்சிகள் இன்றியமையாதவை. மூன்று நான்கு நிமிடப் பாடலில் எழுவரின் முகத்தையும் பெயரையும் யார் நினைவில் கொள்வார்? சிரிக்க வைத்தவனின் பெயரை மக்கள் மறப்பதில்லை.

2013 ஜூன் மாதம் அரங்கேறிய இக்குழு, 2015 ஆகஸ்டு முதல் 'ரன் பி.டி.எஸ்.' என்னும் தன் சொந்த நிகழ்ச்சியை இணையவழி வழங்கத் தொடங்கியது. 2021 இறுதிக்குள் அது 150 பகுதிகளைக் கடந்துவிட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றை நாங்கள் பார்த்திருக்கிறோம், சிலவற்றை இருமுறை.

எழுவரையும் உங்களுக்கு அறிமுகம் செய்யாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மூத்தவர் ஜின், 1992-இல் பிறந்தவர். உண்பதில் பெருவிருப்பம் உடையவர். சொற்களை வைத்து மொக்கை வேடிக்கை செய்து தாமே முதலில் சிரிப்பார். சுகா, இயன்ற போதெல்லாம் ஒரு மூலையில் சாய்ந்துவிடுவார். ஜே-ஹோப் மேடையில் புயல்; பாம்பைக் கண்டால் வீறிட்டு அலறும் குழந்தை. தலைவர் ஆர்.எம். தொட்டதெல்லாம் உடையும் என்பதால் 'அழிவின் கடவுள்' என்று அவரைத் தோழர்கள் கேலி செய்வார்கள். முன்னர்ச் சொன்ன வெங்காயமும் அவர் கையில் பட்ட பாடுதான். ஜிமினும் வியும் ஒரே வயதினர்; ஆகவே சண்டைக்கும் சமாதானத்துக்கும் குறைவில்லை. கடைக்குட்டி ஜங்கூக், அரங்கேறியபோது 15 வயதுச் சிறுவன். இளையவர் மூத்தவரை 'ஹ்யோங்' என்றே அழைக்கின்றனர். அண்ணன் என்று நாம் அழைப்பது போன்றதே அது. அச்சொல் காதில் விழும்போதெல்லாம் அவர்கள் அயலார் என்பது எங்களுக்கு மறந்துபோகும்.

எங்களை மிகவும் கவர்ந்தவை அவர்களுடைய பயணங்களே. 2016-இல் 'பான் வாயாஜ்' என்னும் தொடருக்காக அவர்கள் வட ஐரோப்பாவுக்குச் சென்றனர். மேடைக்கு மேடை காரில் ஏற்றி இறக்கப்பட்ட பிள்ளைகள், அங்கே தாமே வழி கேட்டு, தாமே காசு எண்ணிச் செலவழிக்க வேண்டியதாயிற்று. பயணத்தின் நடுவே ஆர்.எம். தம் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு, மற்றவர்களுக்கு முன்னரே தனியே நாடு திரும்பினார். முதலில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். விடைபெற்றுச் செல்லும் அவர் முகத்தைக் கண்டதும் இருவரும் பேச்சற்றுப் போனோம். மறுநாள் ஹவாய், அதன்பின் மால்டா, நியூசிலாந்து என்று ஒவ்வொரு பயணமாக எடுத்துப் பார்த்தோம். ஹவாய்ப் பயணத்தின் இறுதியில் அவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி வாசித்தனர்; கேட்டவர்களும் அழுதனர், வாசித்தவர்களும் அழுதனர். எங்கள் வீட்டுக் கூடத்திலும் அன்று வேறு நிலை இல்லை.

ஜிமினும் வியும் கொழுக்கட்டைக்காகப் போட்ட சண்டையும் ரசிகர் உலகில் பெயர் பெற்றது. 'மாண்டு' என்பது நம் காரக் கொழுக்கட்டை போன்ற ஒரு பண்டம். அதை ஒத்திகையின்போதே உண்பதா, ஒத்திகை முடிந்தபின் உண்பதா என்பதே வழக்கு. அதன் கதையை அவர்களே சொல்லிச் சிரித்தபோது, எங்கள் மகளும் அவள் அத்தை மகளும் ஒரு முறுக்குக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தது எங்களுக்கு நினைவு வந்தது.

நிற்க. இச்சிரிப்புக்கு இடையே ஒரு நாள் வந்தது.

2022 ஜூன் 14 அன்று, அரங்கேற்றத்தின் ஒன்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, எழுவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டு பேசும் காட்சியை வெளியிட்டார்கள். வழக்கமான வேடிக்கையை எதிர்பார்த்தே நாங்கள் அமர்ந்தோம். தொடக்கமும் அவ்வாறே இருந்தது. சற்று நேரத்தில் பேச்சு திசை மாறியது. இடைவிடாது எதையேனும் படைத்துக்கொண்டே இருக்கவேண்டிய இம்முறையில் ஒரு மனிதன் முதிர்ச்சி பெற நேரமே கிடைப்பதில்லை என்றார் ஆர்.எம். ஓய்வு வேண்டும் என்று கேட்பதே ஒரு குற்றம்போல் தோன்றியது என்றும் கூறி, கண் கலங்கினார். எழுதுவதற்குச் சொல் எழவில்லை, வலிந்து பிழிந்தெடுக்க வேண்டியிருந்தது என்றார் சுகா. குழுவாகச் செய்யும் பணியைக் குறைத்துக்கொண்டு, இனித் தனித்தனியே தம் வழியைத் தேடப் போவதாக அறிவித்தனர்.

மறுநாள் பங்குச் சந்தையில் அவர்களுடைய நிறுவனமான ஹைப்பின் பங்கு விலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது. குழு பணியை நிறுத்தவில்லை என்று நிறுவனம் விளக்கம் தரவேண்டி வந்தது. எழுவர் களைப்பாக இருக்கிறது என்று சொன்னதற்கு உலகம் வைத்த விலை அது.

எங்களை அச்சரிவு வாட்டவில்லை. நாங்கள் இத்தனை நாளும் எதைப் பார்த்துக் கொண்டிருந்தோம் என்ற கேள்விதான் வாட்டியது. ஆண்டுக்கணக்கில் அவர்கள் முகத்தை உற்றுப் பார்த்தவர்கள் நாங்கள். ஜின் எப்போது கேலி செய்வார், சுகா எப்போது கண்ணயர்வார் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர்கள். அக்களைப்பு மட்டும் எங்கள் கண்ணில் படாமல் எப்படிப் போயிற்று?

பழைய பகுதிகளை எடுத்து மீண்டும் பார்த்தோம். இம்முறை வேறு சில தென்பட்டன. நெடுந்தூர விமானப் பயணத்தை முடித்த கையோடு விளையாட்டுக்கு நிறுத்தப்பட்ட கண்கள். மற்றவர் சிரித்து முடித்தபின் ஒரு நொடி வெறுமையாகிவிடும் ஒரு முகம். அந்நொடியின் மீது துள்ளி விழும் வண்ண எழுத்துகள். சுகா சாய்ந்து உறங்குவதை நாங்கள் எத்தனை முறை வேடிக்கையாக எண்ணிச் சிரித்திருக்கிறோம்! உறக்கம் வந்தவன் உறங்கினான், அதைப் படம் எடுத்தார்கள், நாங்கள் சிரித்தோம்.

ஒரு செய்தி நெஞ்சில் தைத்தது. 2019 ஆகஸ்டில் அவர்களுக்கு நெடிய ஓய்வு வழங்கப்படுவதாக நிறுவனம் அறிவித்தது. அரங்கேறி ஆறு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த முதல் நீண்ட விடுமுறை அது, ஐந்து வாரங்கள். செப்டம்பர் நடுவில் அது முடிந்தது. அம்மாதமே நியூசிலாந்துப் பயணம் படமாக்கப்பட்டது. ஏரியும் மலையும் சூழ அவர்கள் வாகனத்தில் சுற்றித் திரிந்ததைக் கண்டு, 'நன்றாக ஓய்வு எடுக்கிறார்கள், பாவம்' என்று நாங்கள் மகிழ்ந்திருந்தோம். ஓய்வு முடிந்து அவர்கள் பணிக்குத் திரும்பியதுதான் அப்பயணம் என்பது அப்போது உறைக்கவில்லை. 2020-இல் 'இன் த சூப்' என்னும் தொடரில் காட்டின் நடுவே ஒரு வீட்டில் தங்கினார்கள். 'சூப்' என்றால் கொரிய மொழியில் காடு. போட்டியில்லை, தண்டனையில்லை, தூண்டில் போடலாம், சமைக்கலாம், படம் வரையலாம். ஆனால் அங்கேயும் படக்கருவிகள் கண் விழித்தே இருந்தன.

இதனால் அவர்கள் சிரிப்பெல்லாம் பொய் என்று நாங்கள் கருதவில்லை. கடிதம் வாசித்தபோது வந்த கண்ணீரை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. சிரிப்பும் மெய், களைப்பும் மெய். இரண்டில் ஒன்றை மட்டுமே எங்களுக்குக் காட்டினார்கள். நாங்களும் அந்த ஒன்றையே விரும்பிக் கேட்டோம்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் மகள் கைபேசியில் முகம் காட்டிப் பேசினாள். அதற்குள் அவள் வெளியூர் அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தாள். வாரந்தோறும் இருபது நிமிடம் பேசுவாள். சமையலில் நேர்ந்த விபத்தையும், பேருந்தில் நடந்த வேடிக்கையையும் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பாள். நாங்களும் மனநிறைவோடு கைபேசியை வைத்துவிடுவோம். அன்று அவள் கதையை முடித்துச் சிரித்தபின், அவள் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தோம். பழைய பகுதிகளில் கண்ட அந்த ஒரு நொடி வெறுமை அங்கேயும் இருந்தது.

"நன்றாக உறங்குகிறாயா, அம்மா?" என்று கேட்டோம்.

அவள் உடனே மறுமொழி சொல்லவில்லை. பிறகு, "இதை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லையே" என்றாள். குரல் உடைந்தது. பல மாதங்களாக நள்ளிரவு வரை வேலை, உறக்கம் இல்லை, காலையில் எழுந்ததும் காரணமின்றி அழுகை. "ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்றோம். "என் கதையைக் கேட்டுச் சிரிக்க நீங்கள் வாரம் முழுவதும் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கெடுக்க மனம் வரவில்லை" என்றாள்.

பெற்றோராகிய எங்களுக்கு அதைவிடக் கடினமான சொல் வேறில்லை. எங்கள் மகளும் எங்களுக்காக வாரம் ஒரு பல்சுவை நிகழ்ச்சி நடத்தி வந்திருக்கிறாள்!

பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். முதல் மூன்று நாள் உறங்கினாள் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் வந்தால் படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்புவது எங்கள் வழக்கம். இம்முறை கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். 'பிள்ளை வந்திருக்கிறாளாமே, ஒரு படமும் காணோமே' என்று அவள் பெரியம்மா கேட்டார்கள். 'உறங்குகிறாள்' என்று மட்டும் சொன்னோம். நான்காம் நாள் அவளே அடுக்களைக்கு வந்து, ஆர்.எம். போலவே வெங்காயத்தைக் கொலை செய்தாள். நாங்கள் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

அந்த எழுவரின் கதையும் நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில் ஒரு சிறப்புப் பகுதி வெளிவந்தது. எழுவரும் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியே புறப்பட்டு, மற்றவர் எங்கே செல்வார் என்று ஊகித்து ஒரே இடத்தில் கூடவேண்டும் என்பதே அதன் விளையாட்டு. ஒன்பது ஆண்டுகள் கூடி வாழ்ந்தவர்களும் ஒருவர் மனத்தை ஒருவர் ஊகிக்கத் தடுமாறினார்கள். அதைக் கண்டு எங்களுக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் ஜின் முதலில் ராணுவப் பணிக்குச் சென்றார். உடல்தகுதி உள்ள கொரிய இளைஞருக்குக் கட்டாயமான கடமை அது. அடுத்தடுத்து எழுவரும் சென்று, 2025 ஜூன் மாதத்துடன் அனைவரும் பணி முடித்துத் திரும்பினார்கள். 2024 ஜூனில் வெளிவந்த ஜின், ஆகஸ்டிலேயே 'ரன் ஜின்' என்னும் புது நிகழ்ச்சியில் ஹல்லா மலை ஏறிக் கொண்டிருந்தார். 'இன்னும் இரண்டு மாதம் வீட்டில் இருந்திருக்கலாமே' என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். மற்றவர் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டிருந்தார். இருவரும் பார்த்தோம், சிரிக்கவும் செய்தோம். ரசிகரின் அன்பு அவ்வளவு எளிதில் திருந்திவிடுவதில்லை.

ஆயினும் ஒன்று மாறியிருக்கிறது. புதிய பகுதி வரவில்லையே என்று முன்பெல்லாம் ஏங்குவோம். இப்போது சில வாரம் ஒன்றும் வராவிட்டால், 'எங்கோ யாரும் காணாமல் உறங்குகிறார்கள் போலும்' என்று சொல்லிக்கொள்கிறோம். அது எங்களுக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கிறது.

அன்புக் குடும்பத்தினரே, உங்கள் இல்லத்திலும் எப்போதும் சிரிக்க வைக்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அடுத்த முறை அவன் சிரிக்க வைத்து முடித்தபின், உடனே எழுந்து போய்விடாதீர்கள். இன்னும் ஒரு நொடி அவன் முகத்தைப் பாருங்கள்.