வராத படத்தின் ஸ்கிரிப்ட்டும் ஒரு போர்வெல் சந்தேகமும்

திருச்செங்கோட்டில் ஏறி மல்லசமுத்திரம், ஆட்டையாம்பட்டி வழியாக சேலம் போகிற பஸ்ஸில் தினமும் ஒரு பி.காம் பையன் வருகிறான். மூன்றாம் வருடம். ஜன்னல் சீட் கிடைத்தால் காதில் ஹெட்ஃபோன், கிடைக்காவிட்டால் கம்பியில் தொங்கியபடி தூக்கம். இதுதான் வழக்கம். ஆனால் கடந்த ஒரு வாரமாக மடியில் தடிமனாக ஒரு புத்தகம். காஸ்ட் அக்கவுண்டிங்காக இருக்கும் என்று யாரும் பயப்பட வேண்டாம். சினிமா ஸ்கிரிப்ட் :-)

அதுவும் சாதாரணப் படமில்லை. 1967-ல் ஹாலிவுட்டே 'இதோ வருகிறது' என்று காத்திருந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம். இன்றுவரை வரவில்லை. இனி வரவும் போவதில்லை. எடுத்திருக்க வேண்டியவர் 1992-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சத்யஜித் ராய்தான். படத்தின் பெயர் 'தி ஏலியன்'. எழுதி அரை நூற்றாண்டு கழித்து, 2018-ல்தான் ஹார்ப்பர் காலின்ஸ் அந்த ஸ்கிரிப்ட்டை ராயின் கட்டுரைகள், கடிதங்களோடு சேர்த்துப் புத்தகமாகப் போட்டது.

கதை இதுதான். வங்காளத்தில் ஒரு கிராமம். தாமரைக் குளத்துக்குள் ஒரு விண்கலம் வந்து விழுகிறது. கூர் முனை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. ஊர் மக்கள் என்ன நினைப்பார்கள்? பூமிக்குள் புதைந்த கோயில் கிளம்பி வந்துவிட்டது என்றுதான். பூஜை ஆரம்பமாகிறது. பஜோரியா என்று ஒரு பணக்கார வியாபாரி, அங்கே சலவைக்கல்லில் கோயில் கட்டிப் பெயர் வாங்கத் துடிக்கிறார். கல்கத்தாவிலிருந்து வந்த பத்திரிகைக்காரனுக்கோ எல்லாவற்றிலும் சந்தேகம். கலத்துக்குள்ளே இருக்கும் குட்டி ஆசாமிக்கு இந்த ஊர் ஒரு விளையாட்டுப் பொம்மை. ஊரிலேயே மகா கஞ்சனின் மாமரத்தைப் பருவம் தவறிக் காய்க்க வைக்கிறது. ஒரே ராத்திரியில் வயலை விளைய வைக்கிறது. அதோடு பழகுகிறவன் ஹாபா என்கிற ஏழைச் சிறுவன் ஒருவன்தான். முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. வராத படத்துக்கும் சஸ்பென்ஸ் உண்டு!

ஸ்கிரிப்ட் படிப்பது நாவல் படிப்பது மாதிரி இல்லை. வீட்டு ப்ளானைக் கையில் வைத்துக்கொண்டு காலி மனையில் நின்று 'இது ஹால், இது சமையலறை' என்று பார்ப்பதைப் போன்றது. நடிகர்களைப் படிக்கிறவனே போட்டுக்கொள்ள வேண்டும். பஜோரியாவாக நடிக்கவிருந்தவர் பீட்டர் செல்லர்ஸ். பையன் அவரைத் தூக்கிவிட்டு வடிவேலுவைப் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் பஜோரியா வரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பஸ்ஸில் தனியாகச் சிரிக்கிறான். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்.

அவனுக்குத் தொண்டையில் மாட்டிய இடம் வேறு. ஜோ டெவ்லின் என்று ஓர் அமெரிக்க இன்ஜினியர் கதையில் வருகிறார். மார்லன் பிராண்டோவை யோசித்து வைத்திருந்த பாத்திரம். அவர் அந்த வறண்ட ஊரில் பார்க்கிற வேலை ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவது. அதாவது, போர் போடுவது!

திருச்செங்கோட்டுப் பையன் இதைப் படித்தால் எப்படி இருக்கும்? இந்தியாவில் எந்த மூலையில் போர் போட்டாலும் வந்து நிற்கிற வண்டியில் திருச்செங்கோடு முகவரி இருக்க நல்ல வாய்ப்புண்டு. ஆப்பிரிக்காவரைக்கும் போயிருக்கின்றன இந்த ஊர் ரிக் வண்டிகள். சங்ககிரி ரோட்டில் நின்றால் ராடு அடுக்கிய வண்டிகள் வரிசையாகப் போகும். பையனின் அப்பாவே ரிக் டிரில்லர்தான். தீபாவளிக்கு வந்து போனவர், இப்போது மத்தியப் பிரதேசத்தில் எங்கோ இருக்கிறார். அப்பா பார்க்கிற வேலையைப் பார்க்க ராய் அமெரிக்காவிலிருந்து ஆளைக் கூட்டி வந்திருக்கிறார். 1967-ல் அதுதான் நம்பும்படி இருந்தது போல.

சரி, படம் ஏன் வரவில்லை? இங்கேதான் காமர்ஸ் மாணவனுக்கு வேலை.

ராய் லண்டனில் ஆர்தர் சி. கிளார்க்கைச் சந்தித்தபோது கதையைச் சொன்னார். கொழும்பில் வாழ்ந்த கிளார்க், அதைத் தன் கூட்டாளி மைக் வில்சனிடம் சொன்னார். சிங்களத்தின் முதல் கலர் படமான 'ரன் முத்து தூவ'வை 1962-ல் எடுத்தவர் இந்த வில்சன். 1967-ல் அவர் கல்கத்தாவுக்கே வந்து, ராய் எழுதி முடிக்கும்வரை கூடவே இருந்தார். கொலம்பியா நிறுவனம் பணம் போடத் தயார், செல்லர்ஸ் நடிக்கத் தயார். ராய் ஹாலிவுட்டில் இறங்கிப் பார்த்தால், ஸ்கிரிப்ட் சைக்ளோஸ்டைல் பிரதிகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் பக்கத்தில் காப்புரிமை 1967 என்று போட்டு இரண்டு பெயர்கள். ஒன்று சத்யஜித் ராய். இன்னொன்று மைக் வில்சன்! ஸ்கிரிப்ட்டில் வில்சனின் பங்கு ஒன்றிரண்டு யோசனைகளுக்கு மேல் இல்லை என்பது ராயின் கணக்கு. ஸ்கிரிப்ட்டுக்காக வில்சனிடம் 10,000 டாலர் முன்பணம் கொடுத்ததாகப் பின்னர் கொலம்பியா தரப்பில் சொன்னார்கள் என்றும், அதில் ஒரு காசுகூடத் தன் கைக்கு வரவில்லை என்றும் ராய் எழுதியிருக்கிறார்.

வில்சன் உரிமையை விட்டுக் கொடுத்தால் படம் எடுக்கலாம் என்றது கொலம்பியா. ஆளோ சாமியாராகிவிட்டார். மொட்டை அடித்துக்கொண்டு தென்னிந்தியக் காட்டுக்குத் தியானம் செய்யப் போய்விட்டதாகக் கிளார்க்கிடமிருந்து ராய்க்குக் கடிதம். (எந்தக் காடோ! ஏற்காடு, கொல்லிமலை என்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இன்னும் வசதி.) கடைசியில் விட்டுக்கொடுத்துக் கடிதமும் எழுதினார். அதற்குள் செல்லர்ஸ் பின்வாங்கியிருந்தார். சூடு ஆறிவிட்டது.

இந்தக் கதை முழுவதையும் 1980-ல் 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் ராய் எழுதினார். இரண்டு வருடம் கழித்து ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்தது. குட்டி ஏலியன், சிறுவன், நட்பு. தன் ஸ்கிரிப்ட் பிரதிகள் அமெரிக்காவில் சுற்றாமல் இருந்திருந்தால் அந்தப் படம் சாத்தியமில்லை என்றார் ராய். ஸ்பீல்பெர்க் மறுத்தார். ராய் வழக்கெல்லாம் போடவில்லை.

போட்டிருந்தால்? சட்டம் அவ்வளவு சுலபமாகக் கைகொடுக்காது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-ல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது, கருவுக்கோ யோசனைக்கோ காப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று. தன் நாடகத்தை எடுத்துப் படமாக்கிவிட்டார்கள் என்று போன ஆனந்த் தோற்றார். அமெரிக்கச் சட்டத்திலும் அடிப்படை இதேதான். ராய்க்கு நடந்தது அநியாயமா என்றால் ஆமாம், ஆனால் அது வில்சன் பெயர் ஏறிய முதல் பக்கத்தில் நடந்த அநியாயம். ஈ.டி. விஷயம் கடைசிவரை சந்தேகமாகவே நிற்கும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறவர்களே அதிகம். அது சரியான கணக்கில்லை.

ஹாலிவுட்டோடு கூட்டு வைத்தாலே நாமம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. பஸ் போய்ச் சேரும் சேலத்திலேயே சாட்சி இருக்கிறது. ஏற்காடு ரோட்டில் தனியாக நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. கருணாநிதியும் கண்ணதாசனும் வேலை பார்த்த ஸ்டுடியோ. அதன் முதலாளி டி.ஆர். சுந்தரம், லிப்பர்ட் என்கிற அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து 1952-ல் 'தி ஜங்கிள்' எடுத்தார். தமிழில் 'காடு'. ராட் கேமரூன், சீசர் ரோமெரோ, மேரி வின்ட்சர் எல்லாம் வந்து நடித்தார்கள். காட்டு யானைகள் மிரண்டு ஓடுகின்றன, காரணம் என்னவென்று தேடிப் போனால் அழிந்துபோனதாக நினைத்த மாமூத்! யானை மேல் ரோமத்தைப் போர்த்தி மாமூத் ஆக்கியிருந்தார்கள். படம் அப்படியொன்றும் பிரமாதமில்லை, ராயின் ஸ்கிரிப்ட்டில் ஒரு பக்கத்துக்கு ஈடாகாது. ஆனால் அது வந்தது, தியேட்டரில் ஓடியது. சுந்தரம் கதாசிரியராக மட்டும் போய் நிற்கவில்லை. ஸ்டுடியோ அவருடையது, பங்கு அவருடையது. ராயிடம் இருந்தது ஸ்கிரிப்ட் மட்டும்.

தமிழிலும் இப்படிக் காத்திருந்த ஸ்கிரிப்ட் உண்டு. ஷங்கர் முதலில் கமலை வைத்து யோசித்த 'ரோபோ', ரஜினியோடு 'எந்திரன்' ஆகி 2010 அக்டோபர் 1-ல் வந்தது. வசனத்தில் பங்கிருந்த சுஜாதா 2008 பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். அந்த முதல் வரைவுகளைப் படிக்கக் கொடுத்து வைத்தவர்கள் யாரோ. அவையும் புத்தகமாக வந்தால் இந்த பஸ்ஸில் ஒரு வாசகன் தயார்.

சனிக்கிழமை சாயங்காலம், பஸ் சேலத்தை விட்டுக் கிளம்பியதும் பையன் போன் போட்டான்.

"அப்பா, பெங்கால்ல போர் போட்டிருக்கீங்களா?"

"ஏன் சாமி? அங்க பாதி எடம் வெறும் வண்டலு. நம்ம ஹேமர் வண்டிக்கு வேலையில்ல, ரோட்டரி வண்டி வேணும். பாறை இருக்கற பக்கம்னா போடலாம்."

"கொளத்துக்குப் பக்கத்துல போட்டா?"

"கொளத்துல தண்ணி கெடக்கறப்ப எவன் போர் போடுவான்? யாரு கேக்கறது?"

ஒரு சினிமாவில் வருகிறது என்று பையன் சொன்னான். ரிக் ஓட்டுகிறவர்களை வைத்துப் படமா என்று அப்பாவின் குரலில் ஓர் ஆச்சரியம்.

"எப்ப வருது படம்?"

"வராதுங்ப்பா. ஸ்கிரிப்ட் மட்டுந்தான்."

"வராத படத்த எதுக்குப் படிக்கற?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல், "அதுல எத்தன அடில தண்ணி வந்துதாம்?" என்றார்.

பையன் அந்தப் பக்கத்தைத் தேட ஆரம்பித்தான். அதற்குள் அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம் கிளம்பிவிட்டது. அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.