தோல் பூட்ஸும் அதன் விலையும்

சட்டை கிழிந்தால் ஊரார் காண்பர். காலணி கிழிந்தால் அணிந்தவரின் கால் மட்டுமே அறியும். ஆதலின் காலணி வாங்குவோர் பலர் மேற்பளபளப்பைக் கண்டே விலை பேசுகின்றனர். மேல்தோலும் அடிப்பகுதியும் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்று திருப்பிப் பார்ப்பவர் மிகச் சிலரே. குளிரும் மழையும் சேறும் மிகுந்த இங்கிலாந்து போன்ற நாட்டில் இந்தக் கவனக்குறைவு துன்பத்தில் கொண்டுபோய் விடும். அங்கே கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் நெடுங்காலமாக உழைப்பாளியின் கருவியாக இருந்து வந்தது. அக்கருவியின் விலை அண்மை ஆண்டுகளில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. கொடுக்கும் பணத்திற்கு அஃது இன்னும் தகுமா என்னும் வினா எழுந்ததில் வியப்பில்லை.

அந்நாட்டின் காலணித் தொழிலுக்குத் தாயகம் நார்த்தாம்ப்டன் நகரமாகும். சுற்றிலும் மாடு மேயும் புல்வெளிகள்; தோல் பதனிடப் பயன்படும் பட்டையைத் தரும் ஓக் மரக் காடுகள்; நீருக்கு நென் ஆறு. இம்மூன்றும் ஓரிடத்தில் வாய்த்தமையால் தொழில் அங்கே வேரூன்றியது. 1642-ஆம் ஆண்டில் படைவீரர்களுக்காக 4,000 இணைச் செருப்புகளும் 600 இணைப் பூட்ஸும் செய்து தருமாறு அவ்வூர்த் தொழிலாளர்க்குப் பணி வந்தது. இன்றும் அந்நகரக் கால்பந்துக் குழுவிற்குச் ‘செருப்புத் தைப்போர்’ என்பதே பட்டப்பெயர். எதிரணியினர் ஏளனமாகச் சொன்னாலும் ஊரார் அதனைப் பெருமையாகவே கொள்வர்.

நல்ல பூட்ஸின் உயிர் அதன் தையலில் இருக்கிறது. காலின் வடிவில் செய்த அச்சுக்கட்டையின்மேல் தோலை இழுத்துப் பொருத்துவர். பிறகு அதன் விளிம்பைச் சுற்றி ‘வெல்ட்’ எனப்படும் ஒடுங்கிய தோற்பட்டை ஒன்றை, மேல்தோலையும் உள்ளடியையும் சேர்த்துப் பிடிக்குமாறு தைப்பர். உள்ளே தோன்றும் பள்ளத்தைத் தக்கைத் தூளால் நிரப்புவர். தரையில் படும் அடித்தோலை அந்தப் பட்டையோடு மட்டும் மற்றொரு தையலால் இணைப்பர். முன்பு கையால் மெல்ல நடந்த இவ்வேலையை விரைந்து செய்யும் இயந்திரத்திற்கு 1871-இல் அமெரிக்கரான இளைய சார்லஸ் குட்இயர் காப்புரிமை பெற்றார். ரப்பரைப் பக்குவப்படுத்தும் முறையைக் கண்ட சார்லஸ் குட்இயரின் மகன் இவர்.

இரண்டு தையல் ஏன் என்று கேட்கலாம். தேய்வது அடித்தோல்; தேயாதது மேல்தோல். தேய்ந்ததைக் கொண்டு தேயாததையும் குப்பையில் எறிவது பேதைமையன்றோ! வெளித்தையலைப் பிரித்தால் பழைய அடி கழன்று வரும். புதிய அடியைத் தைத்துவிடலாம். மேல்தோல் அசையாது. பசையால் ஒட்டிய மலிவான பூட்ஸில் இதற்கு வழி பெரும்பாலும் இல்லை. அடி தேய்ந்த அன்றே அதன் கதை முடிந்துவிடும். விலை மிகுந்த பூட்ஸை வாங்குபவர் தோலுக்கு மட்டுமன்றி, அதைப் பிரித்துச் செப்பனிடும் வாய்ப்பிற்கும் பணம் தருகிறார்.

இங்கே ஒரு புகழ்பெற்ற பூட்ஸின் வரலாற்றைக் கருதுவது பயனுடையது. 1945-இல் ஜெர்மன் படை மருத்துவர் கிளாவுஸ் மெர்ட்டென்ஸ் பனிச்சறுக்கில் கணுக்காலைப் புண்படுத்திக்கொண்டார். படையில் தந்த பூட்ஸ் வலியை மிகுவித்தது. அவர் காற்றைத் தாங்கும் மெத்தென்ற ரப்பர் அடி ஒன்றை ஆக்கினார். தோழர் ஹெர்பர்ட் ஃபுங்குடன் சேர்ந்து அதனை விற்றபோது, விரும்பி வாங்கியவர்களில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்த பெண்கள். பின்பு நார்த்தாம்ப்டனுக்கு அருகிலுள்ள வொல்லாஸ்டன் என்னும் ஊரில் காலணி செய்துவந்த கிரிக்ஸ் குடும்பத்தார் உரிமையைப் பெற்றனர். எட்டுத் துளை இணைகளும் மஞ்சள் தையலும் கொண்ட அவர்களுடைய பூட்ஸ் 1960, ஏப்ரல் முதல் நாள் வெளிவந்தது. அந்நாளே 1460 என்னும் எண்ணாக அதன் பெயராயிற்று. விலை ஏறத்தாழ 2 பவுன். அஞ்சல்காரரும் காவலரும் ஆலைத் தொழிலாளரும் அதனை அணிந்து நடந்தனர்.

அதன்பின் இசைக்கலைஞர்களும் இளைஞர்களும் அதை விரும்பினர். உழைப்பாளியின் பூட்ஸ் ஓர் அடையாளச் சின்னமாயிற்று. 2003-இல் உற்பத்தி சீனாவிற்கும் தாய்லாந்திற்கும் சென்றது. பின்னர் வொல்லாஸ்டனில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் மீண்டும் உற்பத்தி தொடங்கியது. அங்கே செய்யப்படுபவற்றிற்கு விலை கூடுதல். 2023-இல் சாதாரண 1460 பூட்ஸின் விலை ஏறத்தாழ 170 பவுன். இடைக்கால விலைவாசி உயர்வைக் கணக்கிட்டாலும் 1960-இன் 2 பவுன் இன்று எழுபது பவுனைக்கூட எட்டாது. மேலும், இந்தப் பூட்ஸின் அடி, வெல்ட் பட்டையோடு சூட்டால் உருக்கி இணைக்கப்படுவது. தெருமுனையில் இருக்கும் செப்பனிடுவோர் எளிதில் பிரிக்க இயலாது. தனித்திறன் வாய்ந்த பட்டறைக்கே அனுப்புதல் வேண்டும். ஆகவே அதன் விலையில் ஒரு பகுதி பெயருக்கே போகிறது எனல் மிகையாகாது. பெயரை விரும்பி வாங்குவதில் குற்றமில்லை. நீடித்த உழைப்பை நாடி வாங்குவதாக எண்ணினால்தான் ஏமாற்றம்.

இரண்டு தையல் உடைய நார்த்தாம்ப்டன் பூட்ஸின் நிலை வேறு. 1829-இல் தோன்றிய டிரிக்கர்ஸ், 1879-இல் தோன்றிய கிராக்கெட் அண்ட் ஜோன்ஸ் முதலிய நிறுவனத்தார் இன்றும் அங்கேயே செய்கின்றனர். ஓர் இணையின் விலையோ ஐந்நூறு பவுனுக்கு மேல்! இது தகுமா?

கணக்கிட்டுப் பார்ப்போர் இவ்வாறு பார்க்கலாம். நாள்தோறும் பல மைல் நடப்பவர் ஒருவர், 80 பவுன் விலையுள்ள ஒட்டுப் பூட்ஸை ஆண்டுக்கு ஒன்றாகத் தேய்க்கிறார் என்று கொள்வோமாயின், இருபது ஆண்டில் 1,600 பவுன் செலவாகும். 500 பவுன் பூட்ஸை வாங்கி, நான்கு முறை 160 பவுன் வீதம் கொடுத்து அடி மாற்றினால் மொத்தம் 1,140 பவுன். மிச்சம் 460 பவுன். ஆனால் ஞாயிறுதோறும் மட்டும் அணிபவருக்கு மலிவான பூட்ஸே பத்தாண்டு வரும். இருபது ஆண்டிற்கு 160 பவுன் போதும். அவர் 500 பவுன் தந்தால் அது அழகுக்கும் ஆசைக்கும் தந்ததே. விந்தை என்னவெனில், இத்தகைய பூட்ஸை இன்று வாங்குவோர் பலர் மிகுதியாக நடப்பவர் அல்லர்.

மிகுதியாக நடப்பவருக்கோ முதல் நாளில் 500 பவுன் கையில் இராது. ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 1993-இல் வெளியிட்ட நாவல் ஒன்றில் இதனைக் காட்டியுள்ளார். அவர் படைத்த கற்பனை நகரில் வைம்ஸ் என்னும் காவல் தலைவர் வாழ்கிறார். அங்கே நல்ல பூட்ஸ் 50 டாலர், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மட்டமானது 10 டாலர். ஓரிரு பருவத்தில் ஒழுகும். வைம்ஸின் மாதச் சம்பளமே 38 டாலர். அவர் பத்து டாலர்ப் பூட்ஸையே மீண்டும் மீண்டும் வாங்குகிறார். பத்தாண்டில் செல்வரைவிட மிகுதியாகச் செலவு செய்தும் ஈரக்காலோடு நிற்கிறார். சிக்கனமாக வாழ்வதற்கும் முதற்பணம் வேண்டியிருக்கிறது! 2 பவுனுக்குப் பூட்ஸ் வாங்கிய அஞ்சல்காரரின் இடத்தில் இன்று நிற்பவர் 500 பவுனுக்கு எங்கே போவார்? விலையேற்றத்தின் கொடுமை இங்கேதான் இருக்கிறது.

வசதியுள்ளோர் அணிந்து தேய்த்த பூட்ஸ், செப்பனிடுவதற்காக நார்த்தாம்ப்டன் தொழிற்கூடங்களுக்கு இன்றும் வந்து சேர்கிறது. தொழிலாளி அடியைப் பிரிக்கிறார். நசுங்கிய தக்கையைச் சுரண்டி எடுக்கிறார். அதில் குதிகாலும் விரல்களும் பதிந்த பள்ளங்கள் தெரிகின்றன. பூட்ஸ் முதலில் உருப்பெற்ற அதே அளவுள்ள அச்சுக்கட்டையைத் தேடி எடுத்து உள்ளே செருகுகிறார். புதிய தக்கையைப் பரப்பி, ஊசியில் மெழுகு நூலைக் கோக்கிறார்.