பாட்டி திராட்சை

“அம்மா, நாளைக்குக் காலையிலே சீக்கிரம் கிளம்பணும். ஒயின் ஊரெல்லாம் சுத்திப் பார்க்கப் போறோம்!” என்றாள் என் மகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து மாதக் கர்ப்பிணி பேசுகிற பேச்சா இது!

அவளுக்குத் துணையாக நான் பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பூர் நகரத்துக்குப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. போன அன்றே, தயிர் எடுக்கலாமென்று பிரிட்ஜைத் திறந்தவள் கண்ணில் பாதி காலியான ஒயின் பாட்டில் ஒன்று பட்டது. மாப்பிள்ளை தங்கமானவர். ஆனாலும் அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. காரணம் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவள் நான். என் தம்பிக்கு இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் இருந்தது. குடியிலே பந்தல் போச்சு. அப்புறம் தம்பியும் போயிட்டான். மாப்பிள்ளை வீட்டில் நாங்கள் இதைச் சொன்னதேயில்லை. பெண் கொடுக்கிற இடத்தில் இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

மறுநாள் காரில் கிளம்பினோம். ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் பகுதிக்கு அல்சாஸ் என்று பெயர். ஒரு பக்கம் ரைன் நதி. மறு பக்கம் வோஜ் மலைத் தொடர். மலையடிவாரத்தை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 170 கிலோமீட்டர் தூரத்துக்கு ‘ஒயின் பாதை’ ஒன்று போகிறது. 1953-ல் ஏற்படுத்தினார்களாம். வழி நெடுக, சரிவெல்லாம் திராட்சை. செப்டம்பர் கடைசி, அறுவடை நேரம். மேற்கேயிருந்து வரும் மேகம் மலையிலேயே கொட்டிவிட, இந்தப் பக்கம் மழை குறைவு. கொல்மார் என்ற ஊர் பிரான்சிலேயே மழை மிகக் குறைந்த நகரங்களில் ஒன்றாம். மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம்ம கம்பம் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இங்கே தலைக்கு மேலே பந்தல் கிடையாது. கம்பி கட்டி, இடுப்பு உயரத்திலும் தோள் உயரத்திலும் வரிசை வரிசையாகக் கொடியை நிறுத்தியிருக்கிறார்கள். நம் ஊரில் கவாத்து செய்து செய்து வருஷம் முழுக்கப் பழம் பார்த்துவிடுவோம். இங்கே பனிக்காலத்தில் கொடி தூங்கப் போய்விடும். வருஷத்துக்கு ஒரே அறுவடைதான்.

எகிசைம் என்ற ஊரில் இறங்கினோம். அடடா, என்ன அழகு! நடுவிலே கோட்டை, அதைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெரு. மரச்சட்டம் போட்ட வீடுகள். மஞ்சள், நீலம், ரோஜா நிறத்தில் சுவர். ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. கூரை உச்சியில் பெரிய பெரிய கூடுகள். “செங்கால் நாரைக் கூடு, அத்தை. குளிர் வருதுன்னு கிளம்பிப் போயிருக்கும். இங்கே குழந்தையை நாரைதான் கொண்டு வந்து போடும்னு சொல்வாங்க” என்றார் மாப்பிள்ளை. மகள் வெட்கத்தோடு வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டில் ஒயின் ருசி பார்க்க உட்கார்ந்தோம். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மகளின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார்; கேட்காமலே அவளுக்குத் திராட்சைச் சாறு வந்தது. எனக்கும் அதே போதும் என்று கைகாட்டினேன். பிறகு பாட்டிலின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். கர்ப்பிணிப் பெண் கையில் கோப்பையோடு நிற்க, குறுக்கே ஒரு கோடு போட்ட சின்னப் படம்! பிரான்சில் 2007 முதல் மது பாட்டில்களில் இது கட்டாயமாம். அதைப் புரிந்துகொள்ள பிரெஞ்சு தெரிய வேண்டுமா என்ன? என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அந்த அம்மா பேசப் பேச, மாப்பிள்ளை தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயச் சத்தாக மாற்றுவதுதான் ஒயின். நம் இட்லி மாவு பொங்குகிறதே, அதுபோல இதுவும் ஒரு புளிப்புதான். சிவப்பு ஒயினின் நிறம் சாற்றில் இல்லை, தோலில். தோலோடு ஊறினால்தான் சிவக்கும். அல்சாஸில் பெரும்பாலும் வெள்ளை ஒயின். சிவப்புக்கு பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை.

எதற்கு எதைச் சேர்ப்பது என்பதிலும் இவர்களுக்கு ஒரு கணக்கு. முட்டைக்கோஸை உப்பில் புளிக்கவைத்து, கொழுப்பான பன்றி இறைச்சியோடு சமைக்கும் ‘சூக்ரூத்’ இந்த ஊர் விருந்துச் சாப்பாடு. அதற்கு ரீஸ்லிங் என்ற திராட்சையின் புளிப்பான ஒயின். கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு வெட்டிவிடும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் செய்யும் மன்ஸ்டர் சீஸ் ஒன்று தட்டில் வந்தது. அப்பப்பா, நாற்றமா அது! கருவாட்டுக் கடை தோற்றுவிடும். அதன்மேல் சீரகம் மாதிரி ஒரு விதை தூவி, கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வாசனை ஒயினோடு சாப்பிடுகிறார்கள். பெயரில் உள்ள ‘கெவுர்ஸ்’ என்றால் ஜெர்மன் மொழியில் மசாலாச் சாமான்!

“இதென்ன பெரிய வித்தை? நெய் வழியிற வெண்பொங்கலுக்குப் புளிக் கொத்சு, காரக் குழம்புக்கு அப்பளம், பாயசத்துக்கு அப்புறம் ரசம், மோர்னு நாங்களும் பார்த்துத்தானே வைக்கிறோம்!” என்றேன். மாப்பிள்ளை அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மா கைகொட்டிச் சிரித்தார். என் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குள் கூட்டிப் போனார்.

ஒரு வரிசையின் கோடியில் சின்னச் சின்னப் பழமாக ஒரு குலை. பறித்துக் கொடுத்தார். வாயில் போட்டேன். அவ்வளவுதான், நின்றுவிட்டேன். பன்னீர் திராட்சை வாசனை! அதே வாசனை! தம்பியின் பந்தலுக்குக் கீழே நிற்கிற மாதிரி இருந்தது. “மஸ்கட்” என்றார் அந்த அம்மா.

நம் கம்பம் பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். மரபணுச் சோதனையின்படி, இந்தச் சிறுபழ மஸ்கட்தான் அதற்குப் பாட்டி முறையாம். பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அந்த நிமிஷம் எனக்குக் கண்ணீர்தான் வந்தது. “என்ன அத்தை?” என்று பதறி வந்தார் மாப்பிள்ளை. எத்தனை நாள் மூடி வைப்பது? தம்பி கதை முழுவதையும், பிரிட்ஜில் பார்த்த பாட்டிலையும், தூங்காத இரவுகளையும் அங்கேயே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், “ஞாயித்துக்கிழமை சாப்பாட்டோட ஒரு கிளாஸ் குடிப்பேன், அத்தை. ஒளிச்சு வைக்கலை. ஆனா இந்த விஷயம் எனக்குத் தெரியாதே. நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்” என்றார். கோபமில்லை; வருத்தம்தான். உண்மையில் தப்பு யாருடையது? மறைத்தது நான்தானே.

திரும்பி வரும்போது வண்டியில் இருந்தது நாலு பாட்டில் திராட்சைச் சாறு. “குழந்தை பிறக்கிற வரைக்கும் நானும் இதேதான்” என்றார். அதற்குப் பிறகு? அது அவர் முடிவு. ஆனால் இனி நான் வாயை மூடிக்கொண்டு இருக்கப் போவதில்லை.

சகோதரிகளே, ‘ஒயின்தானே, உடம்புக்கு நல்லது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023-ல் உலக சுகாதார நிறுவனமே கூறிவிட்டது. கர்ப்பிணிகளுக்கு ஒரு வாய்கூடக் கூடாது. தாய் குடிப்பது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகிறது. சமையலில் ஊற்றினாலும் சாராயச் சத்து முழுவதும் ஆவியாகிவிடாது. ஆனால் ஒரு ஊரின் கொடியையும் சமையலையும் ரசிக்கக் கோப்பை தேவையில்லை. ஒரு குலை பழம் போதும்.

அன்று இரவு வெண்பொங்கலும் கொத்சும் செய்தேன். மேஜையில் மூன்று கோப்பையிலும் திராட்சைச் சாறு. வந்த நாளுக்கு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.